லேசிக்ஸ் போட்டால் நெஞ்சு ஏன் படபடக்கிறது? சிறுநீர்பெருக்கிகளும் அட்ரீனலின் வாங்கிகளும்

பேராதனையில் மிருக வைத்தியம் படிக்கும் தலவாக்கலைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். வீட்டுப் பசு கன்று போட்டு மடி வீங்கிக் கிடந்தபோது லேசிக்ஸ் ஊசி போட்டார்களாம், கொஞ்ச நேரத்தில் பசு மூத்திரமாகப் பெய்து தள்ளியதாம், அதற்கப்புறம் நெஞ்சு படபடவென்று அடித்ததாம். இவருடைய வகுப்புக் குறிப்பில் அமிலோரைடு என்ற சிறுநீர்பெருக்கி அட்ரீனலின் வாங்கிகளில், அதாவது அட்ரீனலின் வந்து ஒட்டிக் கலத்துக்குச் செய்தி சொல்லும் புரதங்களில், ஒட்டும் என்று ஒரு வரி இருக்கிறது. அப்படியானால் லேசிக்ஸும், அதாவது பியூரோசெமைடும், அங்கேதான் போய் ஒட்டுகிறதா? படபடப்புக்கு அதுதான் காரணமா? இதையே எலிகளில் இறுதியாண்டு ஆய்வாகச் செய்யலாமா?

நல்ல கேள்வி தம்பி. முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். பியூரோசெமைடு வைத்தியத்தில் கொடுக்கும் அளவில் அட்ரீனலின் வாங்கிகளில் ஒட்டி வேலை செய்யும் மருந்து கிடையாது. அமிலோரைடு உண்மையிலேயே ஒட்டும், ஆனால் அதற்குத் தேவையான செறிவு இரத்தத்தில் கிடைக்கும் செறிவை விட மிக அதிகம். உங்கள் பசுவின் படபடப்பு பெரும்பாலும் வாங்கிகள் வழியாகத்தான் வந்திருக்கும். ஆனால் வாங்கியைத் தட்டியது மருந்து இல்லை, பசுவின் நரம்புகள் விடும் அதன் சொந்த நோரட்ரீனலின், அட்ரீனலினுக்கு நெருங்கிய உறவு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும், இந்தத் துறையில் வந்த பழைய கட்டுரைகள் பாதிக்கு மேல் தானாகவே விளங்கும்.

பியூரோசெமைடு என்ன செய்கிறது என்று உயர்தரத்திலேயே ஓரளவு படித்திருப்பீர்கள். சிறுநீரகச் சிறுகுழாயில் என்லேயின் தடம் என்ற வளைவின் தடித்த ஏறுபுயத்தில் ஒரு சோடியம், ஒரு பொட்டாசியம், இரண்டு குளோரைட்டு அயன்களைச் சேர்த்து உள்ளே எடுக்கும் காவிப் புரதம் ஒன்று இருக்கிறது. மருந்து அதை அடைக்கிறது. வடிகட்டிய சோடியத்தில் கிட்டத்தட்ட கால்வாசி அந்த இடத்தில்தான் மீள உறிஞ்சப்படுகிறது, ஆகவே அதை அடைத்தால் உப்பும் தண்ணீரும் கொட்டுகின்றன. இன்னொன்றைக் கவனியுங்கள்: இந்த மருந்தில் 95 வீதத்துக்கு மேல் இரத்தப் புரதத்தில் ஒட்டியபடியே சுற்றுகிறது. அண்மைச் சிறுகுழாய்க் கலங்கள் அதைப் பிடித்துச் சிறுநீர்ப் பக்கமாகச் சுரந்து விடுவதால்தான் அது வேலை செய்யும் இடத்துக்கே போய்ச் சேர்கிறது. அதாவது குழாயின் உள்ளே அதிகம், இதயத்துக்கும் இரத்தக்குழாய்க்கும் சுயாதீனமாகக் கிடைப்பது மிகக் கொஞ்சம்.

சரி, தண்ணீர் போன பிறகு என்ன நடக்கிறது? இதுதான் விஷயத்தின் மையம், கொஞ்சம் நின்று பார்ப்போம். இரத்தக் கனவளவு குறைந்ததும் கழுத்துத் தமனியிலும் பெருநாடி வில்லிலும் இருக்கும் அழுத்த உணரிகள் இழுவை குறைந்ததை உணர்ந்து மூளைக்குப் போகும் சமிக்ஞையைக் குறைக்கின்றன. உடனே உடம்பை உசுப்பும் பரிவு நரம்புகள் முழித்து நோரட்ரீனலினை விடுகின்றன. அட்ரீனலின் வாங்கிகளில் α1, α2, β1, β2 என்று வகைகள் உண்டு. இதயத்தில் நோரட்ரீனலின் β1 வாங்கிகளைத் தட்டுகிறது, துடிப்பு ஏறுகிறது. இரத்தக்குழாய்ச் சுவரில் α1 வாங்கிகளைத் தட்டுகிறது, குழாய் சுருங்குகிறது. சிறுநீரகத்திலும் β1 வாங்கிகள் இருக்கின்றன, இரத்தத்தை வடிகட்டும் கலன்கோளத்துக்கு இரத்தம் கொண்டுவரும் சிறு தமனியின் வாசலில் உள்ள கலங்களில். அவற்றைத் தட்டினால் ரெனின் என்ற நொதியம் வெளியாகும். ரெனின் வந்தால் இரத்தக்குழாயைச் சுருக்கும் அஞ்சியோடென்சின் என்ற ஓமோன் வரும். அஞ்சியோடென்சின் சும்மா இருக்காது, பரிவு நரம்பு முனைகளிடம் போய் இன்னும் நோரட்ரீனலின் விடச் சொல்லும். ஒன்றை ஒன்று தூக்கிவிடும் சுற்று இது.

பியூரோசெமைடில் மட்டும் இதற்கு மேலே இன்னொரு வழியும் உண்டு. குழாயில் எவ்வளவு உப்பு போகிறது என்று மோப்பம் பிடிக்கும் அடர்பொட்டுக் கலங்களும் அதே காவியைத்தான் பயன்படுத்துகின்றன. மருந்து அதை அடைத்ததும், உண்மையில் உப்பு தாராளமாகப் போய்க்கொண்டிருந்தாலும், அந்தக் கலங்களுக்கு உப்பே வராத மாதிரித் தெரிகிறது, ரெனின் விடச் சொல்லிச் செய்தி போகிறது. இதற்குத் தண்ணீர் இழப்பு தேவையில்லை, β வாங்கியும் தேவையில்லை. ஆகவே இழந்த திரவத்தை முழுக்கத் திருப்பிக் கொடுத்தாலும் ரெனின் கொஞ்சம் ஏறித்தான் நிற்கும். பழைய சோதனைகளில் இரண்டு வழியையும் பிரிக்காமல் குழப்பியதைப் பார்க்கலாம்.

சிறுநீரக நரம்புகளைப் பற்றி இன்னொரு அழகான விஷயம் இருக்கிறது. மிருகங்களில் அந்த நரம்பைக் குறைந்த வேகத்தில் தூண்டினால் முதலில் ரெனின் மட்டும் கூடும். அது β1. கொஞ்சம் வேகத்தைக் கூட்டினால் சிறுகுழாய் சோடியத்தை அதிகமாக மீள உறிஞ்சத் தொடங்கும், அது α1. இன்னும் கூட்டினால்தான் இரத்தக்குழாய் சுருங்கி வடிகட்டல் குறையும், அதுவும் α1. லேசிக்ஸ் முதல் நாள் வேலை செய்த மாதிரி நான்காம் நாள் வேலை செய்யாதது ஏன் என்று கேட்பவர்களுக்கு விடையின் ஒரு பெரிய பங்கு இங்கே இருக்கிறது. மருந்து ஒரு இடத்தில் கதவை அடைக்க, நரம்பும் அஞ்சியோடென்சினும் ஆல்டோஸ்டெரோன் என்ற ஓமோனும் சேர்ந்து மற்ற இடங்களில் உப்பைப் பிடித்து வைக்கின்றன.

இப்போது வாங்கிகளின் எண்ணிக்கைக்கு வருவோம். நாள்கணக்கில் நோரட்ரீனலின் β வாங்கியைத் தட்டிக்கொண்டே இருந்தால் கலம் அதைப் பொறுத்துக்கொண்டிருக்காது. நிமிடங்களுக்குள் வாங்கியின் உட்புற வாலில் பொசுபேற்று ஏற்றப்படுகிறது, அரெஸ்டின் என்ற புரதம் வந்து ஒட்டிச் சமிக்ஞையை நிறுத்துகிறது. அப்புறம் வாங்கி கலத்துக்குள் இழுக்கப்படுகிறது. அதற்கும் மேலே நீடித்தால் புதிதாக உண்டாக்கும் வாங்கிகளே குறைகின்றன. இதயச் செயலிழப்பு முற்றிய மனித இதயங்களில் β வாங்கிகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருப்பதை 1982இல் காட்டினார்கள். அதில் பெரும்பாலும் அடிபடுவது β1, β2 அவ்வளவாகக் குறைவதில்லை. நாய்க்கு இருகூர் வால்வு நோய் முற்றி மாதக்கணக்கில் பியூரோசெமைடு குளிசை ஓடும்போது, நோயும் மருந்தும் இரண்டுமே பரிவு நரம்பை ஒரே திசையில் தள்ளுகின்றன. சிறுநீர்பெருக்கி இல்லாமல் அந்த நாய் மூச்சு விட முடியாது, அதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை. ஆனால் நுரையீரலில் நீர் இறங்கிய பிறகும் அதே பெரிய அளவைத் தொடர்ந்து கொடுப்பது எனக்கு உடன்பாடில்லாத பழக்கம். தூங்கும்போது நாயின் மூச்சை நிமிடத்துக்கு எண்ணச் சொல்லி, 30க்குக் கீழே நிற்கும் மிகக் குறைந்த அளவுக்கு மெல்ல மெல்ல இறக்க வேண்டும்.

அமிலோரைடு கதை வேறு, அது இரசாயனமாகவே சுவையானது. இந்த மருந்து சேர்ப்புக் குழாய்ப் பக்கத்தில் இருக்கும் சோடியம் கால்வாயை அடைக்கிறது. அதற்கு அரை மைக்ரோமோலாருக்கும் குறைவான செறிவே போதும். செறிவைக் கூட்டிக்கொண்டு போனால் சோடியத்தையும் ஐதரசனையும் மாற்றிக்கொள்ளும் புரதத்தை அடைக்கும். பத்துக்கணக்கான மைக்ரோமோலாருக்கு ஏற்றினால், α1, α2, β என்று எல்லா வாங்கிகளிலும் அதன் கை படத் தொடங்கும். எலிச் சிறுநீரக மென்சவ்வில் இதை 1980களிலேயே தெளிவாகக் காட்டிவிட்டார்கள். அந்தக் காலத்தில் சோடியம்-ஐதரசன் மாற்றியை அடைக்கவென்று ஆய்வுகூடங்களில் அமிலோரைடைத் தாராளமாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள். "நோரட்ரீனலின் விளைவை அமிலோரைடு தடுத்தது, ஆகவே அந்த விளைவு மாற்றி வழியாகத்தான் நடக்கிறது" என்று எழுதிய பலருக்கு இது ஒரு பெரிய அடி. வாங்கியையே மருந்து மறித்திருந்தால் அந்த முடிவு நிற்காது.

α2 வாங்கியில் இன்னும் நுட்பமான ஒன்று நடக்கிறது. அந்த வாங்கிக்குச் சோடியம் அயன் என்றாலே ஒரு உணர்வு உண்டு. சோடியம் இருந்தால் நோரட்ரீனலின் போன்ற தூண்டிகள் அதில் ஒட்டும் இறுக்கம் குறையும். வாங்கிப் புரதத்தின் இரண்டாவது சுருளில் இருக்கும் ஒரு அஸ்பார்ட்டிக் அமிலம்தான் அதற்குப் பொறுப்பு என்று 1990இல் அந்த ஒரு அமினோ அமிலத்தை மட்டும் மாற்றிக் காட்டினார்கள். அமிலோரைடும் அந்தப் பக்கமாகத்தான் போய் உட்காருகிறது. எப்படித் தெரியும்? α2 வாங்கியை மறிக்கும் யோகிம்பின் என்ற மருந்தைக் கதிர்த்தொழிற்பாடுள்ளதாக்கி வாங்கியில் ஏற்கனவே ஒட்டவைத்துவிட்டு, அப்புறம் அமிலோரைடு வகையைச் சேர்த்தால் யோகிம்பின் வழமையை விட வேகமாகக் கழன்று வருகிறது. ஒரே ஆசனத்துக்குப் போட்டி போடும் மருந்தால் இது முடியாது, ஏற்கனவே உட்கார்ந்தவரை அது எழுப்ப முடியாதே. வேறொரு இடத்தில் ஒட்டி வாங்கியின் வடிவத்தை மாற்றினால்தான் கழறும் வேகம் மாறும். 2012இல் இதே பெரிய குடும்பத்தைச் சேர்ந்த அடினோசின் A2A வாங்கியின் கட்டமைப்பை மிக நுணுக்கமாகப் படம் எடுத்தபோது, அதே அஸ்பார்ட்டிக் அமிலத்துக்குப் பக்கத்தில் சோடியம் அயன் நீர் மூலக்கூறுகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பது கண்ணால் காணக் கிடைத்தது. சிறுநீரகத்தில் சோடியம் கால்வாயை அடைக்கவென்று வந்த மருந்து, முற்றிலும் வேறான ஒரு புரதத்திலும் சோடியத்தின் இடத்தையே தேடிப் பிடித்ததை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கும்.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மனிதருக்கு 20 மில்லிகிராம் அமிலோரைடு கொடுத்தால், அது பெரிய அளவுதான், இரத்தத்தில் உச்சமாக வருவது மில்லிலீட்டருக்கு ஏறக்குறைய 40 நானோகிராம். மைக்ரோமோலாரில் 0.2 அளவு. வாங்கியில் ஒட்டத் தேவையானது அதைப் போல நூறு மடங்கு. ஆகவே இதயத்திலோ இரத்தக்குழாயிலோ இதற்கு இடமில்லை. சிறுநீர் மட்டும் வேறு: குடித்த மருந்தில் பாதியளவு மாறாமல் சிறுநீரில் வருகிறது, ஒன்றரை லீட்டரில் 10 மில்லிகிராம் என்றால் 30 மைக்ரோமோலாரைத் தொடுகிறது. அப்படியென்றால் சிறுகுழாயின் உள்ளே வாங்கிகளை அது தொடுமே என்று கேட்பீர்கள். பரிவு நரம்பு முனைகள் வந்து முடிவதும், அவற்றுக்குப் பதில் சொல்லும் வாங்கிகள் இருப்பதும் முக்கியமாகக் கலத்தின் இரத்தப் பக்கத்தில். மருந்து செறிந்திருப்பது சிறுநீர்ப் பக்கத்தில். உங்கள் குறிப்பில் உள்ள வரி பிழையில்லை, செறிவை எழுதாமல் விட்டதால் அரைகுறையாக நிற்கிறது.

தையசைட்டுகள் என்ற இன்னொரு சிறுநீர்பெருக்கி வகையைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் தோட்டங்களில் பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதையசைட்டு குடிக்கும் ஆட்கள் நிறையப் பேர். முதல் கிழமைகளில் இரத்தக் கனவளவு குறைந்து பிரஷர் இறங்கும். பிறகு கனவளவு பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும், பிரஷர் மட்டும் இறங்கியே நிற்கும், ஏனென்றால் குழாய்களின் தடை குறைந்திருக்கும். இந்த மருந்து குடித்தவருக்கு நோரட்ரீனலின் ஏற்றினால் பிரஷர் முன்போல ஏறாது என்பதையும் ஆரம்ப காலத்திலேயே கவனித்தார்கள். பார்த்தால் α1 வாங்கியை மறித்த மாதிரித்தான் இருக்கும். ஆனால் டயசொக்சைட்டைப் பாருங்கள். தையசைட்டின் நெருங்கிய உறவு, ஆனால் சிறுநீரைப் பெருக்காது, உப்பைப் பிடித்தே வைக்கும். அப்படியிருந்தும் இரத்தக்குழாயை நன்றாகத் தளர்த்தும், பொட்டாசியம் கால்வாயைத் திறந்து விடுவதன் மூலம். வாங்கியை யாரும் தொடாமலே, வாங்கிக்குப் பிந்திய படியில் தசையைத் தளர்த்தி நோரட்ரீனலினை மழுங்கடிக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

திசையைத் திருப்பிப் பார்த்தாலும் தொடர்பு தெரியும். பசுவை அமைதிப்படுத்த சைலசின் ஊசி போட்டிருப்பீர்கள் அல்லது போடப் பார்த்திருப்பீர்கள். அது α2 தூண்டி. போட்ட கொஞ்ச நேரத்தில் பசு நிறைய மூத்திரம் பெய்யும், ஏனென்றால் அது இன்சுலினைத் தடுத்து இரத்தச் சீனியை ஏற்றுகிறது, நீரைப் பிடித்து வைக்கும் ஓமோனையும் குறைக்கிறது. மாட்டுக்கு இதன் அளவு குதிரைக்குக் கொடுப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒன்று. இந்த ஒன்றைத் தவறவிட்டால் மாடு படுத்துவிடும். நுவரெலியாக் குளிரில் காலையில் அடிக்கடி ஒதுங்கப் போவதும் இதே குடும்பத்துச் சங்கதிதான். தோல் குழாய்களை α வாங்கிகள் சுருக்க, இரத்தம் நெஞ்சுப் பக்கம் கூட, உடம்பு தண்ணீர் அதிகம் என்று எண்ணி வெளியே விடுகிறது.

இனி உங்கள் பசு. கன்று போட்ட புதிதில் மடி வீங்கி, பெருவிரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்பது சாதாரணம், ஃபிரீசியன் கலப்புத் தலையீற்று மாடுகளில் இன்னும் அதிகம். லேசிக்ஸ் 500 மில்லிகிராம் ஊசி அதற்கு வழமையான அளவு. நிறைய நீர் போன பசுவின் துடிப்பு ஏறுவது மேலே சொன்ன வழியில்தான். வயது வந்த மாட்டுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 80 வழமை. அதைத் தாண்டி 100, 110 என்று போனால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வாங்கிகள் இல்லை, கல்சியம். கன்று போட்ட இரண்டு மூன்று நாளுக்குள், இரத்தத்தில் கல்சியம் குறைவதால் வரும் பால் காய்ச்சலும் துடிப்பை ஏற்றும். இதயச் சத்தம் மெலிந்து கேட்கும், காது சில்லிட்டிருக்கும், பசு தள்ளாடும். பியூரோசெமைடு சிறுநீரோடு கல்சியத்தையும் வெளியே தள்ளும் மருந்து, ஆகவே விளிம்பில் நிற்கும் பசுவை அது கீழே தள்ளக் கூடும். அதனால் மடி வீக்கம் மட்டும் இருக்கிறது, பசு நன்றாகத் தின்கிறது, நடக்கிறது என்றால், அடிக்கடி கறந்து, உருவி விட்டு, தீவனத்தில் உப்பைக் குறைத்துப் பார்ப்பதே நான் முதலில் சொல்லும் வழி. ஊசி போட்டிருந்தால் கடைசி ஊசியிலிருந்து 48 மணித்தியாலம், அதாவது நான்கு கறவைப் பால், சேகரிப்பு நிலையத்துக்கும் போகக்கூடாது வீட்டுத் தேத்தண்ணிக்கும் போகக்கூடாது.

வீட்டில் வயதானவர்கள் இருப்பதால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொய்வுக்குச் சல்பியூட்டமோல் மருந்தை மூச்சோடு இழுப்பவர் லேசிக்ஸ் குளிசையும் குடித்தால், லேசிக்ஸ் பொட்டாசியத்தைச் சிறுநீரில் விடும், சல்பியூட்டமோல் β2 வாங்கி வழியாக இருக்கும் பொட்டாசியத்தையும் கலங்களுக்குள் தள்ளும். இரத்தத்தில் பொட்டாசியம் இரண்டு பக்கமும் இழுபட்டு இறங்கி, இதயத் துடிப்பு ஒழுங்கு தவறலாம். அந்த மருந்தை அடிக்கடி இழுக்க வேண்டிய நிலை என்றால் கிளினிக்கில் பொட்டாசியம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கடைசியாக ஆய்வு. தாராளமாகச் செய்யலாம், ஆனால் எலிக்குப் பியூரோசெமைடு கொடுத்து ஒரு கிழமையில் சிறுநீரகத்தை எடுத்து வாங்கிகளை எண்ணினால் மட்டும் போதாது. எண்ணும் முறை உங்களுக்குத் தெரியும்: சிறுநீரகத்தை அரைத்து, மையநீக்கி மென்சவ்வைப் பிரித்து, கதிர்த்தொழிற்பாடுள்ள திரித்தியம் ஏற்றிய பிரசோசினை α1க்கும் ரவுல்சினை α2க்கும் பல செறிவுகளில் சேர்த்து, கண்ணாடி நார் வடிதாளில் உறிஞ்சி, குளிர்ந்த தாங்கற் கரைசலால் சட்டென்று கழுவி, தாளில் தங்கியதை எண்ணுவது. கழுவுவதில் சில செக்கன் தாமதித்தாலும் இலேசாக ஒட்டியது போய்விடும், அங்கேதான் புதியவர்களின் எண்கள் கூத்தாடும். மருந்து நேரடியாக ஒட்டினால் வாங்கியின் மொத்த எண்ணிக்கை மாறாமல் ஒட்டும் இறுக்கம் குறைந்த மாதிரித் தெரியும், மென்சவ்வை நன்றாகக் கழுவினால் அதுவும் திரும்பிவிடும். உடம்பின் எதிர்வினை என்றால் எண்ணிக்கையே மாறும், எவ்வளவு கழுவினாலும் திரும்பாது.

ஆகவே குறைந்தது நான்கு கூட்டம் எலி வேண்டும். மருந்து இல்லாதவை, மருந்து மட்டும், மருந்தோடு இழந்த உப்பும் தண்ணீரும் திருப்பிக் கொடுத்தவை, மருந்தே இல்லாமல் உப்பில்லாத் தீனியில் வளர்த்தவை. மூன்றாவது கூட்டத்தில் மாற்றம் மறைந்து நான்காவதில் தோன்றினால், வேலை பார்த்தது உப்பிழப்புத்தான் என்று துணிந்து எழுதலாம். முடிந்தால் ஒரு பக்கச் சிறுநீரகத்தின் நரம்பை வெட்டிவிடுங்கள், அதே எலியின் மறு பக்கமே ஒப்பீடாகக் கிடைக்கும். தாங்கற் கரைசலில் எவ்வளவு சோடியம் என்பதை ஒரே அளவில் வையுங்கள், α2 வாங்கிக்கு அது எவ்வளவு முக்கியம் என்று மேலே சொன்னேன். β வாங்கிகளில் ஒரு சிக்கல்: கலத்துக்குள் இழுக்கப்பட்ட வாங்கியும் அரைத்த மென்சவ்வில் வந்து எண்ணிக்கையில் சேர்ந்துவிடும், ஆகவே மேற்பரப்பில் இருப்பதை மட்டும் எண்ண வேண்டுமென்றால் முழுக் கலங்களில், மென்சவ்வைக் கடக்காத நீர்நாட்டமுள்ள குறியீட்டு மருந்தைத்தான் பயன்படுத்த வேண்டும். அப்புறம், சிறுநீரகத்தின் வெளிப்பகுதியான மேற்பட்டையையும் உட்பகுதியான மையவிழையத்தையும் ஒன்றாக அரைக்காதீர்கள். இரண்டிலும் வாங்கிகளின் அளவு வேறு. வெட்டும்போது ஒரு எலியில் கொஞ்சம் கூட, இன்னொன்றில் கொஞ்சம் குறைய மையவிழையம் கலந்தாலே, மருந்து செய்யாத மாற்றம் ஒன்று உங்கள் அட்டவணையில் வந்து நிற்கும்.